ஜட்ஜம்மாவும் ஒரு யாழ்ப்பாணச் சொல்லும்

ஜூலைக் குளிர்கால மழையில் நனைந்த கம்பளிக் கோட்டுகளின் வாடையும் தரை மெழுகின் வாடையும் கலந்து வீசினால், ஆக்லாந்தின் பழைய நீதிமன்றக் கூடம்தான் இன்றும் எனக்கு ஞாபகம் வரும். பள்ளி விடுமுறையில் என்னைப் பார்த்துக்கொள்ள ஹில்ஸ்பரோ வீட்டில் ஆள் இல்லாததால், அங்கே தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்த அம்மா என்னையும் கூட்டிப்போய்க் கடைசி பெஞ்சில் உட்காரவைத்து, "வாயைத் தொறக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போவாள். எனக்கு அப்போது பத்து வயது.

அங்கே நீதிபதியாக இருந்த வெள்ளைக்காரப் பெண்மணியை நாங்கள் வீட்டில் "ஜட்ஜம்மா" என்போம். நாட்டின் தென்தீவில் ஒரு கசாப்புக் கடைக்காரரின் மகளாகப் பிறந்து, வக்கீலாகி, பிறகு அந்த நாற்காலிக்கு வந்தவர். எத்தனையோ பேரைச் சிறைக்கு அனுப்பியவர்தான். ஆனால் தீர்ப்பை வாசிக்கும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நிறுத்தி, அம்மா அதைத் தமிழில் சொல்லி முடிக்கும்வரை எதிரே நிற்பவரின் முகத்தையே பார்த்துக் காத்திருப்பார்.

அந்த விடுமுறையில்தான் சிவநாதனின் வழக்கு வந்தது. நியூ லின்னில் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை செய்த யாழ்ப்பாணத்துக்காரர். அவர் தள்ளியதில் மேற்பார்வையாளரின் கை முறிந்திருந்தது. தள்ளியதை அவரே ஒப்புக்கொண்டார். குற்றம் பதிவானால் குடும்பத்துக்கே நிரந்தர விசா கிடைப்பது சந்தேகம். ஏன் தள்ளினீர்கள் என்று ஜட்ஜம்மா கேட்டபோது, "அவர் எல்லாருக்கும் முன்னால பேசினவர். ஒவ்வொரு நாளும் பேசுவார்" என்றார். மதுரைக்காரியான அம்மா அதை அப்படியே, எல்லோர் முன்னாலும் பேசினார், தினமும் பேசுவார் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பேசியதற்கா தள்ளினீர்கள் என்று ஜட்ஜம்மா திரும்பக் கேட்க, அவர் தலை குனிந்து "ஓம்" என்றார்.

மதிய இடைவேளையில் நான் நடைவழியில் ஓடியதைப் பார்த்த சிவநாதனின் மனைவி, "ஓடாதேங்கோ பிள்ளை, அம்மா பேசப்போறா" என்றார். "நான் ஒண்ணும் பேசலையே" என்று சிரித்த அம்மா சட்டென்று நின்றாள்.

"பேசுறதுன்னா உங்க ஊர்ல திட்டுறதா?"

"ஓம். மற்றதை நாங்கள் கதைக்கிறது எண்டுதானே சொல்லுவம்."

அம்மா அன்று கொண்டுவந்த சாப்பாட்டைத் தொடவில்லை. இந்த நாட்டில் அவளுக்குக் கிடைத்த முதல் வேலை அது. "தப்புன்னு சொன்னா இனிமே கூப்பிட மாட்டாங்க" என்று தனக்குள் முணுமுணுத்தாள். ஆனாலும் மன்றம் மறுபடி கூடியதும், யாரும் கேட்கும் முன்பே எழுந்து தன் பிழையைச் சொன்னாள்.

ஜட்ஜம்மா பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியானால் காலையிலிருந்து நாம் இவரைக் கேட்கவே இல்லை. முதலிலிருந்து ஆரம்பிப்போம்" என்றார். அந்த மேற்பார்வையாளர் என்ன சொல்லித் திட்டினார் என்று கேட்டபோது சிவநாதன் என்னைப் பார்த்துத் தயங்கினார். உடனே என்னை வெளியே அழைத்துப்போகச் சொன்னார்கள். அந்தச் சொற்களை அம்மா இன்றுவரை எனக்குச் சொன்னதில்லை.

கை வைத்தது தவறு என்று கண்டித்த ஜட்ஜம்மா, மன்னிப்புக் கடிதம் எழுதச் சொல்லி, குற்றப் பதிவு இல்லாமலே அவரை விடுவித்தார். மறுவாரம் அம்மாவுக்கு அழைப்பு வந்தது. அவளே வேண்டும் என்று ஜட்ஜம்மா கேட்டிருந்தார். அன்று முதல் அவரது மன்றத்தில் சாட்சியும் மொழிபெயர்ப்பாளரும் முதலில் சில நிமிடங்கள் ஊர்க்கதை பேசி, ஒருவர் தமிழ் மற்றவருக்குப் புரிகிறதா என்று பார்த்த பிறகே விசாரணை தொடங்கும்.

எழுபது வயதில் நீதிபதிகள் ஓய்வு பெற்றாக வேண்டும். ஜட்ஜம்மாவின் பிரிவுபசார நாளில் சிவநாதன் வளர்ந்த மகள்களோடு வந்து பின்வரிசையில் இருந்தார். போய்ப் பேசவில்லையா என்று அம்மா கேட்டாள். "இல்லை. அவவுக்கு என்னை ஞாபகம் இராது. குற்றம் செய்தவனா ஞாபகம் இல்லாததே எனக்குச் சந்தோஷம்" என்றார்.

இப்போது அந்தக் கூடம் இல்லை, பெஞ்சுகளும் இல்லை, மொழிபெயர்ப்பாளர்கள் திரையில் வருகிறார்கள். சென்ற மாதம் பக்கத்து வீட்டு மலேசியத் தமிழ் அக்காவுக்குத் துணையாக நீதிமன்றம் போயிருந்தேன். இளம் நீதிபதி முதலில் அவரையும் திரையிலிருந்த பெண்ணையும் ஏதாவது பேசிக்கொள்ளச் சொன்னார். இது எப்போது வந்த வழக்கம் என்று அங்கிருந்த ஊழியரிடம் கேட்டேன். எப்போதுமே இப்படித்தான் என்றார்.

வீட்டில் இதைச் சொன்னதும், "இத ஜட்ஜம்மாகிட்ட இப்பவே சொல்லணும்" என்று, ஓய்வுக்குப் பிறகும் அவரோடு தொடர்பில் இருந்த அம்மா போனை எடுத்தாள்.