பால் பொங்கும்வரை நின்ற வீடு

டென்மார்க் அரசின் நிலவியல் ஆய்வகத்துக்கு நான் இயக்குநராக இருக்கிறேன் என்பதை இங்குள்ள எங்கள் தமிழ் ஆட்களுக்கு விளங்கப்படுத்தும் முயற்சியை எப்போதோ கைவிட்டுவிட்டேன். ஆய்வகம் பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றுக்குள் இருப்பதால் பாதிப்பேர் என்னை ரீச்சர் என்கிறார்கள். மீதிப்பேருக்கு நான் கல்லுப் படித்தவள். ஹ்விடோவ்ரேயில் ஒரு கலியாண வீட்டில் ஒரு மாமி விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்றித் தந்து, இது நல்ல நீலக்கல்லோ என்று பார்க்கச் சொன்னார். எனக்குத் தெரியாது என்றதும், பிறகு எதற்கு அரசாங்கம் சம்பளம் தருகிறது என்று கேட்டார். உண்மையில் எங்கள் வேலை லேசாகச் சொல்லக்கூடியதுதான். நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது, அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று அறிந்து, சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்வது. அந்தக் கடைசிப் பகுதிதான் ஆளைக் கொல்லும்.

அந்த மாரியில் மழை விடவே இல்லை. கோல்டிங் கடற்கழியின் வடகரையில் ஒரு சரிவு இருக்கிறது. அதன் அடியில் இருப்பது ஒருவகைக் களிமண். தண்ணீர் குடித்தால் ஊதும், பிறகு சவர்க்காரம் போல வழுக்கும். அங்கே நிலத்துக்குள் குழாய்களை இறக்கி, அவை எவ்வளவு சரிகின்றன என்று கருவிகளால் பார்த்துவந்தோம். ஒரு வியாழக்கிழமை கூட்டத்தில் என் துணை இயக்குநர் திரையில் அந்தச் சரிவைக் காட்டினார். அவர் யூலன்ட் பக்கத்து ஆள், அவசரம் என்பதையே அறியாதவர். இதுவரை ஆமை வேகத்தில் நகர்ந்த நிலம் அந்த வாரம் வேகம் பிடித்திருந்தது. சரிவில் ஒரு வரிசை வீடுகள். அதில் கடைசிக்கு முந்திய வீட்டை என் அண்ணை வாங்கி அப்போதுதான் சாமான்களை இறக்கியிருந்தார். சனிக்கிழமை அங்கே குடிபுகுவதற்கான பால் காய்ச்சல்.

அது என் அண்ணையின் வீடு என்று கூட்டத்தில் சொன்னேன். அப்படியென்றால் நீ இன்ஹபில் என்றார் துணை இயக்குநர். சொந்தக்காரரின் விஷயத்தில் அதிகாரி முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இந்த நாட்டில் உள்ள சொல் அது. கதை அத்துடன் முடிந்தது. முடிவு அவர் கைக்குப் போனது. நான் கேட்கக் கூடாது, அவரும் சொல்லக் கூடாது. ஒரு கருவி பழுதாகவும் இருக்கலாம், சனிக்கிழமை ஆட்கள் போய்ப் பார்த்த பிறகுதான் நகரசபையான கொமூனவுக்கு அறிவிப்பது என்பதுவரை கேட்டுவிட்டு நான் எழுந்து வெளியே வந்தேன். தாழ்வாரத்தில் மாணவர்கள் கற்களை வைத்துக்கொண்டு சிரித்துக் கதைத்தார்கள்.

அண்ணைக்கு மட்டும் இரகசியமாகச் சொல்லலாம். சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை அந்தச் சரிவிலேயே படுக்கவிடுவதா? ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. தொலைபேசி எடுத்து, பால் காய்ச்சலை ஒரு கிழமை தள்ளி வைக்க ஏலாதோ என்று கேட்டேன். ஏன் என்று அண்ணை கேட்டார். எனக்கு வேலை கூட என்றேன். ஐயர் நாள் பார்த்துத் தந்தது, இஷொய்யிலிருந்து சனம் வெளிக்கிடுகிறது, உனக்கு வேலை கூடிவிட்டதென்றால் நீ வராதே என்று கோபித்தார். டென்மார்க்கில் எங்கள் நல்ல நாள்கள் எல்லாம் சொல்லி வைத்தாற்போலச் சனி ஞாயிறில்தான் வரும். அவற்றை மாற்ற யாராலும் முடியாது.

நான் போனேன். ஏன் போனேன் என்று துணை இயக்குநர் பிறகு கேட்டார். சரிவதென்றால் நானும் உள்ளே இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. இது ஒரு நிலவியலாளர் சொல்லக்கூடிய பதில் இல்லை. ரயில் கடல்மேல் உள்ள பெரிய பாலத்தைத் தாண்டும்போதும் மழை அடித்தது. அந்த வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றி, காலுறையோடு மெல்லத் தரையில் கால் வைத்தேன். தரை தரையாகத்தான் இருந்தது. வாழையிலையும் சந்தனமும் மணத்தன. சனம் நிறைந்திருந்தது. நான் சுவர்களைத்தான் பார்த்தேன். யன்னல் மூலைகளையும் கதவு நிலைகளையும் தடவிப் பார்த்தேன். என்ன, விலை பேச வந்தனீரோ என்று யாரோ பகிடி விட்டார்கள். சிரித்து வைத்தேன்.

அடுப்படியில் அண்ணி தனியாக நின்றார். மண்பானை இந்த நாட்டு இண்டக்ஷன் அடுப்பில் சூடேறாது என்பதால் புதிதாக ஒரு எவர்சில்வர் பானை வாங்கி, கழுத்தில் மஞ்சள் கட்டியிருந்தார். யன்னலுக்கு வெளியே, கீழே, கடற்கழி சாம்பல் நிறத்தில் கிடந்தது. அது தெற்கு. பால் வடக்கே, கிழக்கே வழிந்தால் நல்லது. தெற்கு யமனுடைய திசை. பானையின் தென்பக்க அடியில் மடித்த பெட்டி மட்டை ஒன்று செருகியிருப்பதை நான் கண்டேன். அண்ணியும் நான் கண்டதைக் கண்டார்.

"இவருக்குச் சொல்லிப்போடாதையும்," என்றார் அண்ணி. "நேற்றுச் சாமான் அடுக்க வந்து தேத்தண்ணிக்குப் பால் வைக்கேக்க வழிஞ்சு எல்லாம் கடற்பக்கமாத்தான் ஓடினது. போன கிழமை இப்பிடி இல்லை. அதுதான் மட்டை வைச்சனான்."

போன கிழமை இப்படி இல்லை. எங்கள் குழாய்களும் அதையேதான் சொல்லியிருந்தன. அப்போதுதான் ஒன்று மண்டையில் பட்டது. சொல்வதற்குத்தான் எனக்கு வாய் இல்லை. ஆனால் தன் வீட்டில் கண்டதை யாரும் ஆய்வகத்துக்கு அறிவிக்கலாம், அதற்கென்று ஒரு தொலைபேசி இருக்கிறது. அந்த இலக்கத்தை அண்ணியின் கைபேசியில் போட்டுக் கொடுத்து, இப்போது எனக்குச் சொன்னதை அப்படியே டேனிஷில் சொல்லுங்கோ, என் பெயரை எடுக்க வேண்டாம் என்றேன். அண்ணி முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர். பதறுகிறவர்களிடம் கேள்வி கேட்கமாட்டார். மற்றொன்றும் கேளாமல் பின்கதவைத் திறந்து வெளியே போனார்.

நல்ல நேரம் வந்தது. அண்ணை அடுப்பைத் தொட்டு இயக்கினார். எல்லாரும் சூழ நின்றோம். மட்டை வைத்ததால் பானை அடுப்பில் சரியாகப் பதியவில்லை. பால் சூடேறவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. இந்த அடுப்பு விசர் அடுப்பு என்று அண்ணை பேசினார். ஆவிகூட வரவில்லை. இத்தனை பேருடைய பாரமும் ஒரே அடுப்படியில் என்று என் மனம் கணக்குப் போடத் தொடங்கியது. அப்போது வாசல் மணி அடித்தது.

பொலிசும் கொமூன ஆட்களும் நின்றார்கள். ஆய்வகம் அறிவித்திருக்கிறது, இந்த வரிசையில் உள்ள எல்லாரும் இப்போதே வெளிக்கிட வேண்டும், பிறகு வந்து சாமான் எடுக்கலாம் என்றார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அதற்குள் சப்பாத்துப் போடாமலே காருக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் சனமும் கோட்டுகளைத் தேடியது. அண்ணை மட்டும் அசையவில்லை. பால் பொங்காமல் இந்த வீட்டை விட்டு இறங்கமாட்டேன் என்று வாசலில் நின்று டேனிஷில் சொன்னார். என்ன பால் என்று பொலிஸ்காரர் கேட்டார். அண்ணையின் மகள் அவர் கையைப் பிடித்து இழுத்து, வெட்கமாக இருக்கிறது என்று டேனிஷில் அழுதாள். அண்ணை அவள் கையை உதறினார்.

அவரை எனக்குத் தெரியும். மணித்தியாலக்கணக்கில் நிற்கக்கூடிய மனிதர். நான் திரும்பி அடுப்படிக்குப் போனேன். பாலில் ஆடைகூடப் பிடித்திருக்கவில்லை. பானையின் தென்பக்கத்தைப் பிடித்துத் தூக்கினேன். பால் வடக்கே அடுப்பில் கொட்டிப் பரவியது. அடுப்பு கீச்சென்று கத்திவிட்டு அணைந்தது. பால் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. என் கையில் பட்டும் சுடவில்லை. நிமிர்ந்தபோது கதவடியில் அண்ணி நின்றார்.

"பொங்கிட்டுது அண்ணை, வாங்கோ," என்று கத்தினேன்.

வாசலிலிருந்து அண்ணை அண்ணியைப் பார்த்தார். கோயில் விஷயத்தில் பொய்யே சொல்லாத மனிசி.

"ஓம். வடக்காலதான் விழுந்தது," என்றார் அண்ணி.

அண்ணை அங்கேயே கும்பிட்டுவிட்டுச் செருப்பைப் போட்டார்.

ஞாயிறு விடிவதற்குள் தோட்டம் முழுவதும் கடற்கழிக்குள் இறங்கியிருந்தது. வீடு பாதியாகப் பிளந்து, அடுப்படி யன்னல் வானத்தைப் பார்த்தபடி கிடந்தது. அந்த வரிசையில் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. இரண்டு விஷயங்களை வைத்து முடிவெடுத்ததாகத் துணை இயக்குநர் சொன்னார். ஒன்று, ஆட்கள் போய்ப் பார்த்ததில் கருவியில் பழுது இல்லை. மற்றது, பால் கடற்பக்கம் ஓடுகிறது என்று அந்த வரிசையிலிருந்து ஒரு பெண் அறிவித்தது. அது என் அண்ணி என்று அதன் பிறகுதான் அவருக்குச் சொன்னேன்.

அண்ணை இப்போது பட்டணத்துக்குள் ஒரு மாடி வீட்டில் இருக்கிறார். வருகிறவர் போகிறவருக்கெல்லாம், அன்று பால் வடக்கே பொங்கியதால்தான் உயிர் தப்பினோம் என்று சொல்லுகிறார். அப்போதெல்லாம் நானும் அண்ணியும் ஆளையாள் பார்ப்பதில்லை.

அந்த மாடி வீட்டிலும் பால் காய்ச்சினார்கள். அண்ணி எனக்குத் தொலைபேசி எடுத்து, "நீர் அடுப்படியில எனக்குப் பக்கத்தில நில்லும்," என்றார். நின்றேன். மட்டை இல்லை. கீழே உறுதியான மணல் என்று எனக்குத் தெரியும், நானே பார்த்திருந்தேன். ஆனாலும் பால் மெல்ல எழும்பி விளிம்புக்கு வந்தபோது என் கை தானாக முன்னே நீண்டது. அண்ணி என் கையை எட்டிப் பிடித்தார். நான் பானையைத் தொட்டுவிடுவேன் என்று பயந்தாரோ, தானே பயந்தாரோ தெரியாது. பால் எல்லாப் பக்கமும் ஒரேயடியாகப் பொங்கி வழிந்தது. எல்லாரும் சந்தோஷத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். நான் அப்படியே அந்தத் தரையில் குந்தியிருந்து அழுதேன்.