லீலா மேரி நேர்ந்த தோள்

முதுகில் கத்தி வைத்ததைக்கூட மரிய ஆல்பர்ட் பொறுத்துக்கொண்டார். பார்க்க வந்தவர்களைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்தில் இருக்கும் சிற்றூர் அது. ஒரு வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் ஊரே வந்து பார்த்துவிட்டுப் போகும். ஆளுக்கொரு ஹார்லிக்ஸ் பாட்டில், நாலு சாத்துக்குடி, அதோடு கட்டாயம் ஒரு கதை.

"எங்க சின்ன மாமனாருக்கும் இதே எடத்துலதான் கத்தி வச்சாங்க. அதுக்கப்புறம் மனுசன் எந்திரிக்கவே இல்ல" என்பார் ஒருவர். சொல்லிவிட்டு, "நீ ஒண்ணும் கவலப்படாத" என்று சாத்துக்குடியை உரித்துத் தானே தின்பார்.

"எங்க, எந்திரிச்சு நில்லு பாப்பம்" என்பார் இன்னொருவர். பெண்கள் தையலைப் பார்க்காமல் போக மாட்டார்கள். "சட்டையக் கொஞ்சம் தூக்குங்க. ஐயோ மாதாவே, இத்துனூண்டுதானா? இதுக்கா இம்புட்டு அலப்பறை?"

இத்துனூண்டுதான். விரல் நீளத் தழும்பு. அந்த விரல் நீளத்துக்குள் ஒரு மனிதனின் பிழைப்பு முழுவதும் அடங்கியிருந்தது என்று யாருக்குச் சொல்வது? எப்படிச் சொல்வது?

ஆல்பர்ட் டிப்பர் லாரி ஓட்டுபவர். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலிருந்து சிமென்ட் ஆலைக்குக் கல் ஏற்றும் வண்டி. இளமைக் காலத்தில் ஏறி உட்கார்ந்தவர். நாற்பத்தெட்டு வயது வரை அந்தச் சீட்டிலேயே இருந்தார். சுரங்கத்துக்குள் இறங்கும் பாதையில் ஒவ்வொரு குழியும் அவர் முதுகுத்தண்டில்தான் போய் முடியும். வலி வந்தபோது வாயுப் பிடிப்பு என்றார். மனைவி லீலா மேரி பூண்டை வதக்கிக் கொடுத்தாள், நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்தாள். வலி இடுப்பிலிருந்து இடது காலுக்கு இறங்கியது. ஒருநாள் காலை கிளட்சை மிதிக்கப் போனார். கால் மிதிக்கவில்லை. பாதம் செத்த மீன் போல மடங்கிக் கிடந்தது.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "ரெண்டு எலும்புக்கு நடுவுல இருக்கற ஜவ்வு பிதுங்கி நரம்ப நசுக்குது. உடனே எடுத்தாகணும்."

எடுத்தார்கள். காலைக் குடைந்துகொண்டிருந்த வலி மயக்கம் தெளிந்தபோதே போய்விட்டது. ஆனால் பாதம் மட்டும் எழவில்லை.

"நரம்பு மெதுவாத்தான் ஆறும். மாசக்கணக்காகும்" என்றார் டாக்டர். "அதுவரைக்கும் குனியாதீங்க, கனம் தூக்காதீங்க. மறுபடியும் ஜவ்வு பிதுங்குச்சுன்னா, இந்தக் கால் திரும்பும்னு நான் சொல்ல மாட்டேன்."

கிளட்ச் மிதிக்கிற கால் அது. அந்தக் கால் திரும்பாவிட்டால் ஆல்பர்ட் டிரைவர் இல்லை. வேறு எதுவாகவும் இருக்க அவர் கற்றுக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து தொடங்கியது அந்தச் சிறைவாசம். கட்டிலில் புரள வேண்டுமானால் மரக்கட்டை போல முழு உடம்பும் ஒன்றாகப் புரள வேண்டும். எழுந்தால் இடுப்பில் பெல்ட். தரையில் உட்காரக் கூடாது. அதனால் கக்கூஸில் நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலி. கீழே விழுந்த செல்போன் கண்ணெதிரே மணி அடித்துக்கொண்டே கிடக்கும். குனிந்து எடுக்க முடியாது. "லீலா! லீலா!" என்று கத்துவார். அவள் கொல்லையிலிருந்து ஓடி வருவதற்குள் மணி நின்றுவிடும். அதற்கும் அவளைத்தான் திட்டுவார்.

அரியலூரில் தேவயானி என்ற பிசியோதெரபிப் பெண் காலுக்குப் பயிற்சி கொடுத்தாள். அங்கே போகும் பஸ்ஸில் ஆல்பர்ட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போவார். உட்கார்ந்தால் இடுப்பு விண்ணென்று தெறிக்கும்.

"சீட்டு காலியாத்தான சார் இருக்கு, உக்காருங்க" என்பார் கண்டக்டர்.

"உக்கார முடியாதுங்க."

"மூலமா சார்?"

பஸ்ஸே திரும்பிப் பார்க்கும். ஆல்பர்ட் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் வழியே வெளியே பார்ப்பார். அவருக்கு எதிரே கல் ஏற்றிய டிப்பர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். எந்த வண்டி எந்தக் கியரில் போகிறது என்று சத்தத்திலேயே தெரியும். தெரிந்து என்ன பயன்?

கிறிஸ்துமஸ் நெருங்கிய வாரத்தில் கால் பெருவிரல் கொஞ்சம் அசைந்தது. "அண்ணா, தூக்குறீங்க! பாருங்க, நீங்களே தூக்குறீங்க!" என்று தேவயானி கை தட்டினாள். ஆல்பர்ட் குழந்தையைப் போல அழுதார்.

அந்தச் சந்தோஷத்தோடு அவர் வீட்டுக்கு வந்த அன்றுதான் சவரிமுத்து வந்து உட்கார்ந்தார். பெரியப்பா மகன், ஊர்த் திருவிழாக் குழுவின் தலைவர்.

"தம்பி, செபஸ்தியார் திருவிழாவுக்கு ஆள் பிரிச்சாச்சு. சப்பரத்துல வலது முன்தண்டு வழக்கம் போல உனக்குத்தான்."

ஆல்பர்ட் சிரித்தார். "வெளையாடாதண்ணே. நான் தண்ணிக் குடமே தூக்கக் கூடாது."

"நானா வெளையாடறேன்? உன் பொண்டாட்டிதான் நேர்ந்திருக்கா. நீ பொழச்சு வந்தா, இந்த வருசமே உன் தோளு சப்பரம் சொமக்கும்னு. கோயில் மைக்குலயே உபதேசியார் வாசிச்சாரே! ஊருக்கே தெரியும். உனக்குத் தெரியாதா?"

சமையலறை வாசலில் லீலா மேரி நின்றிருந்தாள்.

சவரிமுத்து போன பிறகு ஆல்பர்ட் வெடித்தார். "என் முதுக என்னையக் கேக்காமலே அடகு வச்சுட்டியேடி!"

"நான் என்னங்க செய்வேன்? உங்கள உள்ள தள்ளிட்டுப் போயிக் கதவச் சாத்திட்டாங்க. வெளிய நான் ஒருத்தியா நின்னேன். வாயில வந்தத நேர்ந்துட்டேன்."

"வாயில வர்றது ஒரு மொட்டைன்னு வரக் கூடாதா? ஒரு மெழுகுவத்தின்னு வரக் கூடாதா? என் தோளுதான் வந்துச்சா?"

"உங்ககிட்ட அதவிடப் பெருசா என்ன இருக்கு?" என்றாள் அவள்.

உண்மைதான். வருடத்தில் ஒருநாள், அந்தத் தண்டை அவர் தோளில் வாங்கும்போதுதான் ஊர் அவரை நிமிர்ந்து பார்த்தது. மற்ற நாளெல்லாம் அவர் சுண்ணாம்புத் தூசி படிந்த ஒரு டிரைவர்.

"நேர்ந்தத செய்யலன்னா கால் திரும்பாதுங்க. எனக்குப் பயமா இருக்கு" என்று அவள் விசும்பினாள்.

"தூக்கினா கால் போயிடும்ங்கறாரு டாக்டரு. தூக்கலன்னா கால் போயிடும்ங்கற நீ. அப்புறம் எனக்கு எதுக்குடி காலு? அறுத்துக் கோயில் உண்டியல்ல போட்டுட்டு வா!"

அன்று இருவரும் சாப்பிடவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? கூட வண்டி ஓட்டும் பூமாலை வந்தான். அன்பாகத்தான் பேசினான், ஆனால் அந்த அன்பில் ஊசி இருந்தது. "தப்பா எடுத்துக்காதண்ணே. டீக்கடையில பேசிக்கிறாங்க. பொண்டாட்டி கையால வேளாவேளைக்குச் சாப்பிடறாரு, பஸ் ஏறி அரியலூரு போறாரு, சாமி காரியம்னா மட்டும் முதுகு வலியான்னு."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்னத்தச் சொல்ல? உன் முதுகு எனக்கு எப்புடித் தெரியும்?"

யாருக்குத்தான் தெரியும்! கை உடைந்தால் கட்டு தெரியும். கண் போனால் கறுப்புக் கண்ணாடி தெரியும். முதுகு போனவன் வெளியே முழு மனிதனாகத்தான் தெரிகிறான். தன் வலிக்குத் தானே சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் சாட்சியையும் யாரும் நம்புவதில்லை. ஒரு கட்டத்தில் ஆல்பர்ட்டுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை நான்தான் பயந்து நடுங்குகிறேனோ? டாக்டர் எல்லோருக்கும் சொல்வதை எனக்கும் சொல்லிவிட்டாரோ?

பொங்கல் முடிந்த மறுநாள், வெயில் ஏறும் நேரத்தில், அவர் தனியாகக் கோயில் பின்கட்டுக்குப் போனார். சப்பரத்தைத் துடைத்து மரக்கால்கள்மேல் நிறுத்தியிருந்தார்கள். பெல்ட்டை இறுக்கினார். வலது முன்தண்டின் கீழ் தோளைக் கொடுத்தார். ஒரே ஒரு தடவை. தூக்கக்கூட வேண்டாம், கனத்தை மட்டும் பார்ப்போம் என்று நினைத்தார்.

தண்டு அசைந்ததா இல்லையா என்று அவருக்குத் தெரியாது. இடுப்பில் மின்னல் வெட்டியது. இடது காலை யாரோ உருவிக்கொண்டது போலிருந்தது. சிமென்ட் தரையில் விழுந்து, சப்பரத்தின் அடிப்பலகையைப் பார்த்தபடி கிடந்தார். கூப்பிடவும் வெட்கம். எழவும் முடியவில்லை.

பித்தளை விளக்குகளைத் தேய்க்க வந்த பெண்களோடு லீலா மேரியும் வந்தாள். ஒரு நொடியில் அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் போட்ட அலறலில் புறாக்கள் கோபுரத்தைவிட்டுப் பறந்தன.

"நான் கேட்டது உங்க உசுர! இப்படிக் கெடக்கவா கேட்டேன்?"

"நீ கேட்ட வெலைதாண்டி இது" என்றார் அவர், தரையிலிருந்தபடியே.

மறுபடியும் பெரம்பலூர். மறுபடியும் ஸ்கேன். "ஜவ்வு பிதுங்கல. தப்பிச்சீங்க" என்றார் டாக்டர். "இன்னொரு தடவ தப்பிப்பீங்கன்னு நம்பாதீங்க." ஆனால் அசையத் தொடங்கியிருந்த பெருவிரல் மறுபடியும் படுத்துவிட்டது. வீக்கம் வடிந்தால் திரும்பலாம் என்றார்கள். எத்தனை 'லாம்'கள்! ஆல்பர்ட் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

ஊர் திரும்பிய அன்று மாலையே லீலா மேரி பங்குச் சாமியார் சகாய ஆனந்திடம் போனாள். வயதில் சின்னவர்; ஆனால் நிதானமானவர்.

"நேர்ந்தது யாரும்மா?"

"நாந்தான் சாமி."

"தோள் யாருது?"

"அவருது."

"பக்கத்து வூட்டு ஆட்டப் புடிச்சு நீங்க கோயிலுக்கு நேர்ந்துவிட முடியுமா?"

அவள் தலைகுனிந்தாள்.

"நேர்ச்சை நேர்ந்தவங்களத்தாம்மா கட்டும். அவரக் கட்டாது. இது அன்னைக்கே மைக்குல வாசிக்கும்போது எனக்குத் தெரிஞ்சிருந்தா நானே நிறுத்தியிருப்பேன். உங்களுக்கு வேணும்னா மாத்திக் குடுக்கறேன். ஒருநாள் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருங்க, ஜெபமாலை சொல்லுங்க. போதும்."

லீலா மேரி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "மாத்த வேணாம் சாமி. தோளுன்னு சொல்லிட்டேன். எனக்கும் ஒரு தோளு இருக்குல்ல?"

திருவிழா அன்று அந்தி சாயும் நேரம், முன்தண்டுக்குப் பக்கத்தில் தலைத்துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் நிற்பதைப் பார்த்து ஊர் திகைத்தது.

"பொம்பள சப்பரம் தூக்கறதா? எந்த ஊருல நடந்துருக்கு?" என்று சவரிமுத்து குதித்தார்.

"நேர்ந்தவங்க செலுத்தட்டும்" என்றார் சாமியார்.

பேண்டு செட் முழங்கியது. சப்பரம் எழுந்தது. ஆல்பர்ட் தன் வீட்டு வாசலில் ஊன்றுகோலோடு நின்றிருந்தார். அவரிடம் அவள் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை. தெருமுனை திரும்பி வந்த வெளிச்சத்தில் அவளைக் கண்டதும் அவர் ரத்தம் கொதித்தது. இதற்கும் என்னைக் கேட்கவில்லை! என் தோளையும் கேட்காமல் கொடுத்தாள். அதைத் திரும்ப வாங்கியதையும் சொல்லவில்லை!

அவள் குள்ளம். இடது முன்தண்டில் சவரிமுத்து உட்பட, மற்ற மூன்று தண்டுகளிலும் உயரமான ஆண்கள். வலது முன்பக்கம் தாழ்ந்து, செபஸ்தியார் சொரூபம் முன்னால் சாய்ந்திருந்தது. மாலைகள் ஒரு பக்கமாக வழிந்தன. அவள் முகம் வியர்வையில் மின்னியது; கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவர் வாசலுக்கு நேரே வந்ததும் அவள் கால் தடுமாறியது.

"ஆல்பர்ட்டு! ஒரு கை குடுடா!" என்று யாரோ கத்தினார்கள்.

அவர் உடம்பு தானாகவே முன்னால் பாய்ந்தது. ஊன்றுகோல் விழுந்தது. கை தண்டுக்கு ஒரு சாண் தூரம் வரை போய்விட்டது.

"தொட்டீங்கன்னா பாருங்க!" என்று லீலா மேரி சீறினாள். மூச்சு வாங்கியது அவளுக்கு. "இது என் நேர்ச்ச. எட்டப் போங்க!"

அந்த ஒரு சாண் தூரத்தில் அவர் கை நின்றது. இத்தனை வருடம் தாங்கி அவர் தோள் காய்த்துப்போன தண்டு. எதிரே மனைவி நசுங்கிக்கொண்டிருக்கிறாள். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நாளை டீக்கடையில் என்ன பேசுவார்கள் என்று அவருக்கு வரி வரியாகத் தெரியும். கையை இழுத்துக்கொண்டார். அவர் வாழ்க்கையில் தூக்கிய எந்தக் கனமும் அப்படிக் கனக்கவில்லை.

"யோவ், மரம் மாதிரி நிமிந்து நிக்கறீங்களே!" என்று மற்றவர்களைப் பார்த்துக் கத்தினார். தொண்டை கிழிந்தது. "அவ ஒசரத்துக்கு எறங்குங்கய்யா! சவரிமுத்தண்ணே, தோள எடுத்துட்டுக் கையில புடி! பின்னால ரெண்டு பேரும் முட்டிய மடக்குங்க!"

சவரிமுத்து முறைத்தார். பிறகு, முணுமுணுத்துக்கொண்டே தண்டைத் தோளிலிருந்து கைக்கு இறக்கினார். பின்னால் இருந்தவர்களும் இறங்கினார்கள். சொரூபம் நிமிர்ந்தது. லீலா மேரியின் மூச்சு சீரானது. சப்பரம் நகர்ந்தது.

பூமாலை ஊன்றுகோலை எடுத்துக் கையில் கொடுத்தான். கோபம் இன்னும் ஆல்பர்ட்டின் நெஞ்சில் புகைந்துகொண்டிருந்தது: அவள்மேல், ஊர்மேல், எழாத அந்தப் பாதத்தின்மேல். அடுத்த தெருவிலும் யாராவது நிமிர்ந்துவிடுவான், அவள் கழுத்து முறியும் என்ற நினைப்பு வந்ததும், இடது காலைத் தேய்த்துத் தேய்த்து அவர் சப்பரத்தின் பின்னால் நடக்க ஆரம்பித்தார்.

"எறங்குங்கய்யா! இன்னும் எறங்குங்க!"