பங்களாத் தண்ணீர்

சுரங்கத்துக்குச் சங்கு ஊதுவதுதான் அவருடைய வேலை. சுரங்கத்தை மூடியதும் வேலை போனது. 'சங்கு' மட்டும் பெயராக ஒட்டிக்கொண்டது. அடையாள அட்டையில் வேறு ஏதோ எழுதியிருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

தங்கத்தைத் துரைமார் எடுத்துக்கொண்டு போனார்கள். மற்றதைப் பெருந்தன்மையாக விட்டுப்போனார்கள். ஊர் நடுவே குட்டி மலை போலக் கழிவுமண் மேடு, சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு நிற்கும் நாற்பது வீடுகள், வீட்டுக்கு ஒரு கைப்பம்பு, அதில் மஞ்சளாய் ஒரு தண்ணீர்.

அந்தத் தண்ணீரில் புழங்கிப் புழங்கிச் சங்கின் வீட்டம்மாவுக்கு உள்ளங்கை முழுக்கப் பயறு பயறாகத் தடித்துவிட்டது. ஊசியில் நூல் கோர்க்கக்கூட விரல் மடங்குவதில்லை. தண்ணீரில் நஞ்சு இருப்பதாக ஆராய்ச்சி சொன்னால் ஆற்றிலிருந்து குழாய் போடுகிறோம் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். கையைக் காட்டினால் செல்லாதாம், காகிதம் வேண்டுமாம்.

காகிதம் தர ஒரு பேராசிரியை வந்தார். சுரங்கம் மண்ணை என்ன செய்தது என்று ஒரு அத்தியாயம், மனிதர்களை என்ன செய்தது என்று இன்னொன்று எழுதப் போகிறாராம். ஊரை அறிந்த ஆள் என்று சங்கிடம் நாற்பது பாட்டில்களைக் கொடுத்து, பம்பை அடித்து, வருவதை அப்படியே பிடித்து வரச் சொன்னார்.

சங்கு வீடு வீடாகப் போனார். படித்தவர்கள் பார்க்கப் போகும் தண்ணீர் என்று மட்டும் சொன்னார். அது போதுமானதாக இருந்தது.

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. நாற்பது பாட்டிலும் ஒட்டிப் பிறந்தவை மாதிரி சுத்தம். நஞ்சு துளியும் இல்லை. குழந்தைக்குப் பால் கரைக்கலாம்.

பேராசிரியை கணினியையும் சங்கையும் மாறி மாறிப் பார்த்தார். சங்கு கொஞ்சம் பெருமையாகவே விளக்கினார். தலைமை ஆபீசிலிருந்து பார்வையிட ஆள் வரும் நாளில், துரை பங்களாவிலிருந்து நல்ல தண்ணீரைச் சுமந்துவந்து நாற்பது வீட்டுப் பானையையும் நிரப்புவது அவர் அப்பாவின் வேலை. எந்த வீட்டில் மஞ்சள் தண்ணீர் கண்ணில் பட்டதோ, அந்த வீட்டு ஆளுக்கு மறுநாள் வேலை கிடையாது. துரை போனார், பார்வையிட வந்தவர்களும் போனார்கள். மரியாதை மட்டும் போகவில்லை. அதனால் விருந்தாளிக்கென்று மூலையில் மூடி வைத்திருக்கும் கேன் தண்ணீரைத்தான் எல்லா வீட்டிலும் ஊற்றிக் கொடுத்தார்கள். சங்கு தன் வீட்டுக் கேன் தண்ணீரைத் துணியில் வடிகட்டியும் கொடுத்தார்.

"எந்தத் தண்ணியக் குடுத்தாலும் உள்ள இருக்கறத மெஷின் எப்படியும் கண்டுபிடிச்சிடும்னு நெனச்சேம்மா" என்றார்.

பேராசிரியை திட்டவில்லை. ஒரு மணி நேரம் தலை நிமிராமல் எழுதினார். இரண்டாவது அத்தியாயம் கொழுத்துக்கொண்டே போனது, முதலாவது பட்டினி கிடந்தது. மறுநாள் மதிய பஸ்ஸில் ஊர் திரும்ப வேண்டும். மிச்சமிருந்த ஒரு பெட்டி காலி பாட்டில்களைச் சங்கிடம் நீட்டி, இந்தத் தடவை கலங்கலாகவே வேண்டும் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

காலையில் சங்கு பம்படியில் பாட்டிலோடு நின்றார். தண்ணீர் வந்தது. கை தானாகத் தோளில் கிடந்த துண்டைத் தேடியது.

"அந்தத் துண்ட இங்க குடுங்க" என்றாள் வீட்டம்மா.

"ஒரு படிச்ச பொம்பளைக்குப் போய் இதையா..."

"என் கைக்குப் போதும்னு இத்தன வருஷம் விட்டீங்கல்ல?"

சங்கு துண்டை எடுத்து அவள் தோளில் போட்டார். அவளே மடங்காத விரல்களால் பாட்டிலைப் பிடித்து நிரப்பினாள். மூடியை மட்டும் அவர் திருகினார். அது அவளால் முடியாது.

பாட்டிலை அவர் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு கிளம்பினார். தெருமுனை வரை அப்படித்தான் போனார். அங்கே என்ன நினைத்தாரோ, வெளியே எடுத்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். வெயிலில் அது தங்கம் போலவே மின்னியது.

கடைசி வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்தார்.

"ஏம்ப்பா, இவ்வளவு கலங்கலா குடுக்கலாமா?"

"குடுக்கலாமாம். அந்தம்மாவே சொல்லிட்டாங்க."

"அப்ப சரி" என்று அவரும் பம்படிக்கு நடந்தார்.