தங்கவேல் சார் ஓட்டிப் பார்த்த டிஸ்க்குகள்

தங்கவேல் சார் இறந்துவிட்டார் என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தபோது நான் தாடிக்கொம்பு பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் கல்லூரிக் குழு முழுவதும் கும்பிடும் கைகள். நான் ஒன்றும் போடவில்லை. நூலகத்தில் அவருக்குக் கீழே அதிக காலம் வேலை பார்த்தவள் என்பதால், கல்லூரி மலருக்கு நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொல்லி முதல்வர் கேட்டிருக்கிறார். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், சீக்கிரம் முடிந்துவிடும்.

ஒலி ஒளிப் பிரிவு அவருடைய ராஜ்யம். ஐப்பசி மழையில் கூரை ஒழுகியபோது, தன் ரெயின்கோட்டை டிஸ்க் அலமாரிக்குப் போர்த்திவிட்டு நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனார். மனிதர்கள் மேல் அந்த அக்கறை கிடையாது. கீறல் விழுந்த டிஸ்க்கைத் திருப்பிக் கொண்டுவந்த பெண்ணிடம், வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னால், "இதை வெச்சு வெஞ்சனத்துக்குக் காய் நறுக்குனியாத்தா?" என்று கேட்டார். அவள் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை. "வராதவ கீற மாட்டா" என்றார்.

திரும்பி வரும் டிஸ்க்கை முதலில் கணினியில் வரவு வைக்க வேண்டும், பிறகுதான் ஓட்டிப் பார்க்க வேண்டும். எங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். ஆனால் அவர் மட்டும் சில நாள் திரும்பி வந்த டிஸ்க்கைத் தட்டிலிருந்து எடுத்து நேராகத் தன் பைக்குள் போட்டுக்கொள்வார். "வீட்ல ஓட்டிப் பாத்துட்டு வாரேன்." வரவு வைத்துவிட்டுத் தரட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். "எனக்கே பாடமா பானு?" என்றார்.

முருகேசன் ஒட்டன்சத்திரத்துப் பையன், தாவரவியல் கடைசி வருடம். அப்பா காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். பயிர் நோய்கள் பற்றி எங்கள் கல்லூரியே படம்பிடித்த டிஸ்க் அவன் பெயரில் நிலுவை காட்டியது. அதற்கு வேறு பிரதி கிடையாது. டிஸ்க் வராமல் டி.சி. கிடையாது, டி.சி. இல்லாமல் அவனுக்குக் கிடைத்திருந்த பி.எட். இடமும் கிடையாது.

"உங்க கையிலதானுங்க சார் குடுத்தேன்."

"மிஷின்ல இல்லேன்னா திரும்பி வரலைன்னு அர்த்தம்."

வீட்டில் ஒருமுறை தேடிப் பாருங்கள் சார் என்றேன். தன் வீடு என்ன திருட்டு வீடா என்று என்மேல் பாய்ந்தார். அன்றைய முதல்வரிடமும் சொன்னேன். அவர் சாரைத்தான் நம்பினார்.

கடைசியில் அப்பாவை வரச் சொன்னார்கள். மனிதர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து கும்பிட்டார். பையன் மறுபடியும் "குடுத்துட்டேனுங்கப்பா" என்றான். எல்லோரும் பார்க்க அவன் கன்னத்தில் அறைந்தார் அப்பா. "இதைச் சின்னதுலயே செஞ்சிருக்கணும்" என்றார் தங்கவேல் சார். பி.எட். சேர்க்கை முடிந்த பிறகு, போனால் போகட்டும் என்று டி.சி.யைக் கொடுத்தார்கள். முருகேசனும் மார்க்கெட்டில் லாரிக்கு லோடு ஏற்றப் போய்விட்டான்.

சாருக்குக் காரியம் முடிந்து சில நாளில் அவர் மனைவி ஒரு துணிப்பையோடு நூலகத்துக்கு வந்தார். "டிவிக்கு அடியில கெடந்துச்சு பானு. உங்களோடதுதான்னு நெனைக்கிறேன்." உள்ளே ஏழெட்டு டிஸ்க்குகள் இருந்தன. மூன்றாவது, பயிர் நோய்கள். அந்த அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

பிறகு டிஸ்க்கை வரவு வைத்தேன். வரவு வைத்தால் எடுத்தவருடைய போனுக்குத் தானாகச் செய்தி போய்விடும். கொஞ்ச நேரத்தில் நூலகத்துக்குப் போன் வந்தது. பின்னால் லாரிச் சத்தம்.

"ஏனுங்க மேடம், டிஸ்க்கைத் திருப்பிக் குடுத்ததுக்கு நன்றின்னு மெசேஜ் வந்திருக்குதுங்க."

எங்கே கிடந்தது என்று சொன்னேன். அவர் இறந்துவிட்டதையும் சொன்னேன்.

கும்பிடுகிறவர்கள் கும்பிடுங்கள், தடுக்கவில்லை. தங்கவேல் சாரின் நினைவாக என்னிடம் இருப்பது, அதற்குப் பிறகு முருகேசன் சொன்னது மட்டும்தான்:

"எங்கப்பா போன வருசமே போயிட்டாருங்க மேடம். சாகற வரைக்கும் நான் பொய் சொன்னேன்னுதானுங்க நெனச்சிட்டிருந்தாரு."