பூரணத்தின் வலக்கண்

இது நடந்தது. கூட்டிச் சொன்ன கதை அல்ல. பேய் என்றால் நடுச்சாமத்தில்தான் வரும் என்று நினைப்பவர்கள் நம்பாமல் விடலாம். ஏனென்றால் இது பட்டப்பகலில் நடந்தது. 1986ஆம் ஆண்டு, செப்ரெம்பர் 23, செவ்வாய்க்கிழமை. முற்பகல் பதினொன்று இருபது.

வெளியே வெயில் கொளுத்தியது. ஆனால் அறை இருட்டு.

கண் வைத்தியம் பார்க்கும் இடங்களில் அப்படி ஓர் அறை இருக்கும். யன்னலுக்குக் கறுப்புச் சீலை, வாசலுக்கும் கறுப்புச் சீலை. நடுவில் ஒரு கருவி. வந்தவர் அதன் தாங்கியில் நாடியை, அதாவது மோவாயை, வைத்துக்கொண்டு இருப்பார். மறுபக்கம் இருப்பவர் கீற்றுப் போன்ற வெளிச்சத்தை அவருடைய கண்ணுக்குள் விட்டுப் பார்ப்பார். யாழ்ப்பாணப் பட்டணத்துத் தனியார் கண் மருத்துவமனை ஒன்றில், அந்த மறுபக்கக் கதிரையில் ஏழு வருடமாக இருந்தவள் தாதி பெர்னடெட். கோயிலுக்குப் போகாமல் வேலைக்கு வரமாட்டாள். வயது போனவர்களைக் கை பிடித்துக் கூட்டிவராமல் கதிரையில் இருத்தமாட்டாள்.

அந்த வருடம் அங்கே ஓர் ஆராய்ச்சி நடந்தது. கண்புரை வெட்டியவர்களுக்கு அப்போது போத்தல் அடி மாதிரித் தடித்த கண்ணாடிதான். குனிந்தால் விழும், வியர்த்தால் வழுக்கும். அதற்குப் பதிலாக, கண்ணிலேயே நாட்கணக்காக இருக்கக்கூடிய மெல்லிய லென்ஸ் எங்கள் வெக்கைக்கும் புழுதிக்கும் ஒத்துவருமா என்று ஒரு வெளிநாட்டுக் கம்பனி அறிய விரும்பியது. பொறுப்பெடுத்தவர் டொக்டர் கனகசபாபதி. இருபது பேர், ஒரு வருடம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து கண்ணைக் காட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆளுக்கு ஓர் அட்டை.

டொக்டரில் பெர்னடெட்டுக்கு இருந்த நம்பிக்கை சும்மா வந்ததல்ல. அவளுடைய தகப்பன் சாகக் கிடந்தபோது, ஊரடங்கு நேரத்தில் சைக்கிளில் வந்து கட்டிலருகே இருந்தவர் அவர். அந்த ஒரு நன்மைக்காக அவள் அவரை எந்தக் கேள்வியும் கேட்டதில்லை.

இருபது பேரில் ஒருத்தி பூரணம். புத்தூரில் வெங்காயத் தோட்டம். வலக்கண்ணில் லென்ஸ். அவள் வந்தால் வாசல் கேற்றடியிலேயே சத்தம் கேட்கும்.

"என்ன பூரணமக்கா, பார்வை எப்பிடி?" ஜூன் மாதம் வந்தபோது பெர்னடெட் கேட்டாள்.

"உன்ரை மூக்கிலை மூக்குத்தி இல்லையெண்டு வடிவாத் தெரியுது பிள்ளை. ஏன், வேதக்காரர் குத்தமாட்டினமோ?"

"குத்தினால் ஆர் வாங்கித் தாறது?"

"வெளியிலை இருக்கிறான் தம்பி முத்துக்குமாரு, கேட்டுப்பார். உவன் நாப்பத்தஞ்சு வயசாகியும் வெங்காயத்தைத்தான் கட்டியிருக்கிறான்!"

அன்றைக்குத்தான் லென்ஸ் கழுவும் மருந்துத் தண்ணீர் முடிந்திருந்தது. கொழும்பிலிருந்து லொறி வரவில்லை. கொதிக்கவைத்து ஆறிய கிணற்றுத் தண்ணீரில் உப்புக் குளிசையைக் கரைத்தால் போதும் என்று டொக்டர் சொன்னார். பெர்னடெட் அதை இருபது பேருக்கும் தன் கையாலேயே செய்து காட்டிக் கொடுத்தாள்.

"நீ சொன்னால் சரி பிள்ளை," என்றாள் பூரணம்.

அன்று பின்னேரம் டொக்டர் ஒரு கட்டு அட்டையை நீட்டினார். "எழுதிறதை நான் பிறகு எழுதிறன். வேலை சுணங்கும், நீர் இப்பவே கையெழுத்தை வைச்சு விடும்." அடுத்த முறைக்கான வெறும் அட்டைகள். அவள் வைத்தாள்.

செப்ரெம்பர் முதற்கிழமை டொக்டர் சொன்னார், பூரணம் மகளோடு வன்னிக்குப் போய்விட்டாள், இனி வரமாட்டாள் என்று. அதையும் அவள் நம்பினாள்.

ஆனால் 23ஆம் திகதி பூரணம் வந்தாள்.

டொக்டர் கொழும்புக்குப் போயிருந்தார். பெர்னடெட் இருட்டறையில் கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வாசற்சீலை அசைந்தது. செருப்புச் சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தால்... பூரணம் கதிரையில் இருக்கிறாள். நாடியைத் தாங்கியில் வைத்தபடி.

"அட, பூரணமக்கா! வன்னியிலை இருந்து எப்ப வந்தனீங்கள்?"

பூரணம் தாங்கியில் இருந்து நாடியை எடுக்கவில்லை.

களைத்து வந்திருப்பாள் என்று பெர்னடெட் நினைத்தாள். ஒன்றுதான் புதினமாக இருந்தது. பூரணம் வந்தால் அறை முழுக்க வெங்காயம் மணக்கும். இன்றைக்கு ஒரு மணமும் இல்லை. ஈரப் பாசியின் வாடை மட்டும் இலேசாக.

அவள் கருவியின் வெளிச்சத்தைப் போட்டாள்.

கருவியின் நடுவே ஒரு கண்ணாடித் தகடு உண்டு. இருப்பவரின் மூச்சு அதில் பனிப் புகாராய்ப் படரும். யாருக்கும் படரும்.

தகடு தெளிவாக இருந்தது.

வலக்கண்ணைப் பார்த்தாள். லென்ஸ் இருந்தது. கண் சிமிட்டும்போது லென்ஸ் மயிரிழை அளவு அசைய வேண்டும். அசையவில்லை. கண்ணும் சிமிட்டவில்லை.

"சிமிட்டுங்கோ அக்கா."

இல்லை.

சிமிட்டாமல் கண் எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது வழக்கமான சோதனைதான். பழக்கத்தில் வாய் எண்ணத் தொடங்கியது. பத்து... இருபது... நல்ல கண்ணும் அதற்கு மேல் தாங்காது, எரியும்.

நாற்பது...

அறுபது...

"போதும் அக்கா. இனிச் சிமிட்டுங்கோ."

தொண்ணூறு...

வெளிச்சத்தைக் கூட்டினாள். கண்ணின் கருமணி சுருங்கவில்லை.

மணி பதினொன்று இருபத்துமூன்று.

இமையைத் தூக்கிப் பார்க்கக் கையை நீட்டினாள். விரல் பட்டது. குளிர்... நிழலில் கிடந்த கல்லின் குளிர்.

"கழட்டி விடு, பிள்ளை."

பூரணத்தின் குரல்தான். ஆனால் எதிரே இருந்த வாய் மூடியிருந்தது. குரல் கீழே இருந்து வந்தது. நிலத்துக்கும் கீழே... ஆழத்திலிருந்து.

ஓடத்தான் நினைத்தாள். மனதுக்குள் மரியாயைக் கூப்பிட்டாள். ஏழு வருடம் பழகிய விரல்கள் தாமாகவே போய் லென்ஸைத் தொட்டன.

வெங்காயச் சருகு போல உரிந்து வந்தது.

கீழே...

கண் இல்லை. பால் வெள்ளை.

"மற்ற ஆக்களுக்கும் கழட்ட வேணும்."

பெர்னடெட் எழும்பி மேல் விளக்கின் சுவிச்சைத் தட்டினாள். பதினொன்று இருபத்தாறு. கதிரை வெறுமையாக இருந்தது. நாடித் தாங்கியில் தண்ணீர் தேங்கி, மேசை விளிம்பால் சொட்டியது.

டக்... டக்... டக்...

வாசலில் இருந்த வேலையாள் யாகோப்பு, ஒருவரும் உள்ளே போகவில்லை, வெளியே வரவும் இல்லை என்று சத்தியம் பண்ணினான்.

அவளுடைய உள்ளங்கையில் லென்ஸ் இருந்தது. காய்ந்து, சுருண்டு.

அதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, அன்று மதியமே பஸ் ஏறிப் புத்தூருக்குப் போனாள். வேலிப் படலையில் அவளைக் கண்டதும் முத்துக்குமாரு எழும்பினார்.

"என்னத்துக்கு வந்தனீர்?"

"பூரணமக்கா..."

"செத்துப் போனா. இந்த மாதம் நாலாந்திகதி. இன்னும் முப்பத்தொண்டாம் நாள் வரேல்லை."

அவள் படலையைப் பிடித்துக்கொண்டாள்.

"கண் வீங்கித் திறக்கேலாமல் துடிச்சவ. ரெண்டு வியாழக்கிழமை கூட்டிக்கொண்டு வந்தனான். உமக்கு லீவு நாளாம், நீர் இல்லை. ஒண்டுமில்லை, குறிச்ச நாளுக்கு வாங்கோ எண்டு டொக்டர் திருப்பி அனுப்பினார். விடியப்புறம் எரிவு தாங்கேலாமல் முகம் கழுவப் போனவ... கிணத்துக்கட்டுத் தெரியேல்லை." அவர் முற்றத்துக் கிணற்றைக் கையால் காட்டினார். "செத்தவீட்டுக்கு டொக்டர் வந்தவர். தாதி தண்ணியைப் பிழையாச் சொல்லிக் குடுத்திட்டாவாம். அவர்தான் சொன்னவர்."

"அண்ணை... அவவின்ரை கண்ணிலை இருந்த லென்ஸ்?"

"ஆர் கழட்டிறது? அதோடைதான் எரிச்சம்."

பெர்னடெட் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

அடுத்த நாள் காலை டொக்டரின் அலுமாரியைத் திறந்தாள். ஏழு வருடத்தில் முதல் தடவை. கம்பனியின் கடிதம் மேலேயே கிடந்தது. ஜூலை ஒன்பதாம் திகதியிட்டது. வீட்டில் கரைக்கும் உப்புத் தண்ணீரால் சிலருக்குக் கண் அழுகியிருக்கிறது, உடனே நிறுத்தவும் என்று எழுதியிருந்தது. அதன் கீழே பூரணத்தின் அட்டை. "செப்ரெம்பர் 23. வந்தார். முறைப்பாடு இல்லை." டொக்டரின் எழுத்து. அடியில் அவளுடைய கையெழுத்து. அதோடு கம்பனிக்கு அனுப்பவேண்டிய அறிக்கையும் குத்தியிருந்தது; அதை எழுதி முடித்த திகதி ஓகஸ்ட் முப்பது.

பூரணம் உயிரோடு இருந்தபோதே எழுதிய வரவு. அந்த வரவைத்தான் அவள் வந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

மதியம் டொக்டர் வந்தார்.

"கடுதாசி ஜூலையிலை வந்திருக்கு, டொக்டர்."

"ஓம், வந்தது."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் எல்லாம் நிண்டிடும். இருவதிலை ஒண்டு, பெர்னடெட். மற்றப் பத்தொன்பதும் நல்லாத்தானே இருக்கு?"

"அதுகளும் அந்தத் தண்ணியிலைதான் கழுவுதுகள். நான் போய்ச் சொல்லப்போறன்."

அவர் அட்டையை எடுத்து அவள் முன்னே வைத்தார். "சொல்லும். ஆனால் கையெழுத்து ஆருடையது? உம்மடைதானே?"

குரலை உயர்த்தவில்லை. தகப்பனின் கட்டிலருகே இருந்து பேசினாரே, அதே மெல்லிய குரல். அதுதான் அவளைக் குத்தியது. அடித்திருந்தாலும் தாங்கியிருப்பாள்.

பத்தொன்பது பேரின் பெயர்களை ஒரு தாளில் எழுதினாள். தாதித் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தாள். சைக்கிளை எடுத்தாள். பழி தன் தலையில் விழும் என்று தெரியும். யாராவது தலைமயிரைப் பிடித்து இழுத்து அடித்தாலும் வாங்கத்தான் வேண்டும் என்று நினைத்துக்கொண்டே உழக்கினாள். ஒரு கண்ணாவது மிஞ்சட்டும் ஆண்டவரே... ஒரு கண்ணாவது.

முதல் வீடு குருநகரில். பிலிப்பு வாசலில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். மூக்கில் பழைய தடித்த கண்ணாடி.

"பிலிப்பண்ணை, அந்த லென்ஸைக் கழட்ட வேணும். உப்புத் தண்ணி கூடாது. நான்தான் பிழையாச் சொல்லித் தந்தனான்."

"அது நேற்றே கழட்டியாச்சே பிள்ளை. நீர் அனுப்பின மனுசி வந்து கழட்டினவ."

"நான்... ஒருத்தரையும் அனுப்பேல்லை."

"புத்தூர்ப் பக்கத்து ஆளாக்கும். வலக்கண்ணைப் பொத்திச் சீலை கட்டியிருந்தா. தண்ணியையும் தன்ரை கையாலை நிலத்திலை ஊத்திப் போட்டா. பிள்ளைக்குத் தெரியாது, பிள்ளையை ஏசாதையுங்கோ எண்டும் சொன்னவ."

பெர்னடெட் சைக்கிளை வேலியில் சாய்த்தாள்.

"எத்தினை மணிக்கு?"

"பதினொண்டு இருவது. மச்சான்ரை வள்ளம் வருகுதோ எண்டு அப்பதான் மணி பாத்தனான்."

இரண்டாவது வீடு கொழும்புத்துறை. கழற்றியாயிற்று. நேற்று. பதினொன்று இருபது.

மூன்றாவது வீடு கோப்பாய். நேற்று. பதினொன்று இருபது.

வியாழன் போனது. வெள்ளியும் போனது. ஒரு வீட்டிலும் லென்ஸ் இல்லை. ஒரு கண்ணும் பழுதாகவில்லை.

எல்லா வீட்டிலும் ஒரே மனுசி. ஒரே நேரம்.

கடைசி வீடு கீரிமலையில். குணலட்சுமி என்ற விதவை. அவளும் அதையேதான் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"பாவம், வெயிலுக்கை வந்த மனுசியெண்டு, குடிக்கத் தண்ணி அள்ளித் தரட்டோ எண்டு கேட்டன் தங்கச்சி. வாளியைக் கிணத்துக்கை விட்டன்... கப்பி கிறீச்சிட்ட சத்தம் கேட்டதும் படலைக்கு அங்காலை போய் நிண்டிட்டா."

"ஒண்டும் சொல்லேல்லையோ?"

"சொன்னவ. வேண்டாம் பிள்ளை, நான் நிறையக் குடிச்சிட்டன் எண்டா."