விட்டவாசலில் காவல்

மாமியாரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், என் நாத்தனார்கள் இருவரும் மீனாட்சி அம்மனைப் பார்க்க வேண்டும் என்றார்கள். "இம்புட்டுத் தூரம் வந்துட்டுப் பாக்காமப் போனா எப்படி மதினி?" என்றாள் சின்னவள். சாயங்காலம் மாட்டுத்தாவணியில் இருவருக்கும் பஸ். பரவையில் எங்கள் வீட்டில் கணவரை விட்டுவிட்டு, நான்தான் அவர்களைக் கூட்டிப்போனேன்.

கல்யாணமாகிப் போன பெண்களுக்குத் தாய் செத்தால் மூன்று நாள்தான் தீட்டு. மருமகளுக்கோ ஒரு வருஷம் கோயில் கிடையாது. வயிற்றில் பிறந்தவர்கள் உள்ளே போகலாம், வந்தவள் வெளியே நிற்க வேண்டும். யார் போட்ட கணக்கோ, கேட்கத் தெம்பில்லை.

உள்ளே செல்போன் கொண்டுபோக முடியாது. "மதினி சும்மாதான நிக்கப் போறாங்க" என்று பெரியவள் போன்களையும் பைகளையும் செருப்புகளையும் என்னிடம் தந்தாள். சின்னவள் மல்லிகை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். கிழக்கே விட்டவாசலின் நிழலில் உட்கார்ந்தேன்.

பாண்டியர் காலத்துக் கோட்டை வாசல் என்கிறார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் கோட்டைச் சுவரை இடித்துத் தெருவாக்கியபோது இதை மட்டும் விட்டுவைத்தார்களாம். வெளியூர்க் கூட்டம் ஒன்று அண்ணாந்து படம் எடுத்தது. எனக்கு அண்ணாந்து பார்க்கக் கழுத்து வரவில்லை. சுவரே இல்லாத வாசலுக்கு என்ன வேலை, சுற்றிக்கொண்டு போய்விடலாமே என்று எரிச்சல்தான் வந்தது.

மூன்று வருஷம் அத்தை படுக்கையில் கிடந்தார். அவர் கட்டிலுக்குக் கீழே தரையில் பாய் போட்டுத்தான் என் தூக்கம். நான் அடுப்படியிலோ மாடியிலோ இருந்தால் கட்டிலிலிருந்தே போன் போடுவார். தண்ணீர் வேண்டும், ஃபேனைக் குறை, சும்மா வந்து உட்கார். செத்த அன்று எனக்கு அழுகை வரவில்லை. உடம்பு கேட்டதெல்லாம் தூக்கம். "மருமகதான, கண்ணுல பொட்டுத் தண்ணி இல்ல பாரு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. சொன்னவள் மேல் கோபப்படவும் முடியவில்லை.

மடியில் என் போன் அடித்தது. திரையில் 'அத்தை'.

எடுத்து, "இந்தா வாரேன் அத்தை" என்றேன்.

அந்தப் பக்கம் என் கணவர், "நான்தான். என் போன்ல சார்ஜ் இல்ல, அம்மா போன்ல பேசுறேன்" என்றார். "செத்தவங்க கட்டில் வீட்டுல இருக்கக் கூடாதாம். கேக்குறாங்க, யாருக்காச்சும் கொடுத்துரவா?"

"கொடுக்காதீங்க."

"ஏன்?"

"நான் அதுல படுக்கணும்."

சொல்லி முடிக்கவில்லை, அழுகை பொங்கிவிட்டது. செருப்புகளுக்கு நடுவில், தெருவே பார்க்க, வாய்விட்டு அழுதேன். படம் எடுத்தவர்கள் தள்ளிப் போனார்கள்.

நாத்தனார்கள் நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்தார்கள். "என்னாச்சு மதினி? கால் வலிக்குதா? உள்ள அம்புட்டுக் கூட்டம், நேரமாயிருச்சு" என்றாள் பெரியவள்.

"மனசு அத்தையத் தேடுது" என்றேன்.

பெரியவள் செருப்பைக்கூட மாட்டாமல் நின்றாள். சின்னவள் தலையிலிருந்த பூவை எடுத்துப் பைக்குள் போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.