மிலாறில் எரித்த அப்பா

அப்பா யுத்தத்தில் செத்துப்போன சேதியைத் தோட்டத்துத் தொரை அம்மாவை ஆபீசுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். கணக்கப்பிள்ளை அதைத் தமிழில் சொன்னார். கேட்டுக்கொண்டு வந்த அம்மா, மறுநாள் நெற்றியில் பொட்டோடுதான் கொழுந்தெடுக்கப் போனாள்.

அப்பா தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். அக்கரப்பத்தனைத் தோட்டத்துக் கூலி கஞ்சிக்கே காணாது என்று வெள்ளைக்காரர் பட்டாளத்தில் சேர்ந்து, எகிப்துப் பக்கம் மூட்டை தூக்கப் போனார். குண்டு விழுந்ததில் உடம்பு கிடைக்கவில்லையாம். அதுதான் அம்மாவுக்குப் பிடிமானம். “மொகத்தப் பாக்காம எப்படிங்க தாலியக் கழட்டுறது?” என்று தோட்டத்துத் தலைவரிடமே கேட்டாள். கருமாதி நடக்கவில்லை. யுத்தம் முடிந்து, நாடு சுதந்திரமாகி, இந்தியாவிலிருந்து வந்த கூலிச் சனமான எங்களுக்கெல்லாம் குடியுரிமை இல்லை என்று சட்டம் வந்த பிறகும் அந்த மஞ்சள் கயிறு அவள் கழுத்தில் இருந்தது. ராசாவுக்காகச் செத்தவன் பெண்டாட்டி பிள்ளைக்கே நாடு கிடையாது என்றால் வயிறு எரியாதா? எனக்கு எரிந்தது. அம்மா அதைக்கூடப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது பெண்கள் ஜாடை பேசுவார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அக்காவுக்குத் திம்புள்ளப் பக்கமிருந்து நல்ல இடம் வந்தது. மாப்பிள்ளை தங்கமான ஆள். அவருடைய அத்தைதான் ஒற்றைக்காலில் நின்றாள். சாவுக் காரியம் முடிக்காத வீட்டில் பெண்ணெடுக்க மாட்டோம், கருமாதி செய்யுங்கள், அப்புறம் வெற்றிலை பாக்கு மாற்றலாம் என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் அக்கா ஒன்றும் உங்கள் வாசலில் தவம் கிடக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் கையை அழுத்தினாள். குனிந்திருந்த அக்காவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சரி என்றாள்.

உடம்பு கிடைக்காதவருக்கு உருவம் செய்து எரிப்பது வழக்கம். இந்தியாவில் தர்ப்பையில் செய்வார்களாம். மலையில் அதற்கு எங்கே போவது? கவ்வாத்து வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சியை, நாங்கள் அடுப்பெரிக்கும் மிலாறை, ஆள் உயரத்துக்குக் கட்டினார்கள். அப்பாவின் பழைய கம்பளிக் கோட்டை அம்மாதான் அதற்குப் போட்டுவிட்டாள். குளிருக்குப் போடுவது மாதிரி மேல் பொத்தான் வரைக்கும் மாட்டினாள். பூண்டுலோயாவிலிருந்து வந்த சித்தப்பா கொள்ளி வைத்தார். ஈர மிலாறு சட்டென்று பிடிக்காமல் புகைந்து புகைந்து எரிந்தது. தாலியைக் கழற்ற அம்மாவே கழுத்தைக் குனிந்து கொடுத்தாள். நான்தான் கதறினேன்.

தை மாதம் தோட்டத்துக் கோயிலில் கல்யாணம். அக்காவுக்குப் பூ வைக்க அம்மா கையை நீட்டினாள். அந்த அத்தைக்காரி குறுக்கே வந்து, தாலியறுத்த கை படக்கூடாது என்றாள். அறுக்கச் சொன்னவளே அவள்தானே! அம்மா கையை இழுத்துக்கொண்டாள். சோறு வடிக்க வேண்டும் என்று யாரிடமோ சொல்லிவிட்டு லயத்து வீட்டுக்கு நடந்தாள்.

கெட்டிமேளம் கொட்டுவதற்குள் கூட்டி வந்துவிடலாம் என்று பின்னாலேயே ஓடினேன். அடுப்படியில் வெறுங்கழுத்தைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தூர நின்றாவது பாருங்கம்மா என்று கெஞ்சினேன். அவள் எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் கோயிலில் மேளம் கொட்டியது.

“சண்டையில அவரு சாகலடி,” என்றாள். “அவ கழுத்துல தாலி ஏறணும்னு நான்தான் அவரக் கொன்னேன். அது ஏறுறதப் பாக்கக்கூட என்னைய விடல.”